மூன்றாம் முடக்கில் விட்ட கல்

எங்கள் தோட்டத்து ரோட்டை வெட்டியவன் குதிரையை மனதில் வைத்து வெட்டினான். என் கெப் வண்டியைச் செய்தவன், மேடு பள்ளமே இல்லாத ஏதோ ஒரு நாட்டை மனதில் வைத்துச் செய்தான். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இருவரையும் கட்டிவைத்து, நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான்.

எங்கோ கீழே பெரிய கட்டட வேலை ஒன்றுக்காகக் கப்பலில் வந்து இறங்கிய வண்டி அது. நாலு கதவு. பின்னால் ஒரு மாட்டைப் படுக்க வைக்கும் அளவுக்குத் தட்டு. முகப்பைப் பார்த்தால் கோபித்துக்கொண்ட எருமை. வேலை முடிந்து விற்றுவிட்டார்கள். கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. அக்கரப்பத்தனைக்கு மேலே, தோட்டத்து ஓரத்தில், நானும் மனைவியும் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தோம். மரக்கறியை நுவரெலியாவுக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. நாற்பத்தைந்து வயதுவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனவன், ஒரு தடவையாவது உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

வண்டியை முதன்முதலில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நம்ம காம்பராவ விட இது பெருசா இருக்குங்க. பேசாம இதுலயே குடியிருந்துரலாம்."

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறிவர ஏழு முடக்கு. மற்ற வண்டிகள் ஒரே மூச்சில் திரும்பும் முடக்கில் என்னுடையது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மறுபடி முன்னால் ஒன்று என்று போய்வந்துதான் திரும்பும். மேல் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணே, நீங்க திரும்பி முடிக்கிறதுக்குள்ள நாங்க ஒரு கூடை நெறச்சிருவோம்" என்று ஒரு குரல் வரும். நான் கையை வெளியே நீட்டி மந்திரியைப் போல ஆட்டுவேன். உள்ளே உள்ளங்கை வியர்த்திருக்கும்.

இதைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவன். சாதாரணப் பயம் இல்லை. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் அடைக்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். நிறுத்தாமல் பேசுவேன், பகிடி விட்டுச் சிரிக்க வைப்பேன். கை மட்டும் என் பேச்சைக் கேட்காது. ஹோர்ன் அடிக்கப் போய் வைப்பரைப் போட்டுவிடுவேன். வெயிலில், காய்ந்த கண்ணாடியில், வைப்பர் கீச்சுக் கீச்சென்று ஓடும். பக்கத்தில் இருப்பவர்களிடம், கண்ணாடியில் தூசு என்பேன்.

வண்டியின் பின்னால் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. எங்கள் ஊருக்கு அந்தக் கொக்கிதான் வண்டி. மற்றதெல்லாம் கொக்கியைத் தூக்கிவரும் சாமான். மழைக்காலத்தில் இந்த ஏழு முடக்கில் புதையாத வண்டி கிடையாது. கல்யாண வேனை இழுத்திருக்கிறேன். மாப்பிள்ளை உள்ளேயே இருந்தார். இறந்துபோன ஒருவரை ஏற்றிவந்த வேனையும் இழுத்திருக்கிறேன். படம் பிடிக்க வந்து, தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கிய கொழும்புக் கார்களுக்குக் கணக்கே இல்லை. "கெப் அண்ணனக் கூப்புடு" என்றால் நான் போவேன். போகாமல் இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அழைக்கப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

இழுப்பது தனியாள் வேலை இல்லை. என்னுடன் எப்போதும் மனைவியின் தம்பி வருவார். என்னைவிட ஆறு வயது சின்னவர், தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்போம். அவர் குறைவாகப் பேசுவார். என் பேச்சு அவருக்கும் சேர்த்துத்தான். அவருடைய வேலை கல் போடுவது.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றால், முதலில் கீழே குதிப்பவன் கல்லோடு குதிப்பான். சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்த பிறகுதான் டிரைவர் மூச்சு விடுவான். ஹேண்ட் பிரேக்கை நம்புவது சமவெளிக்காரர்களின் பழக்கம். இதில் இன்னொரு பாதி உண்டு: வண்டி நகர்ந்ததும், வைத்தவன் திரும்பிப் போய்க் கல்லை எடுக்க வேண்டும். எடுத்துக் கானில் போட வேண்டும், அல்லது வண்டியில் ஏற்ற வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பனி மூடும் ரோட்டில் கிடக்கும் கல் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு டிரைவரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான சொல், அவன் கல்லை ரோட்டில் விட்டுப் போகிறவன் என்பதுதான்.

மற்றவர்கள் ஓரத்தில் கிடக்கும் ஏதாவது கல்லை எடுப்பார்கள். என் வண்டியின் எடைக்கு அந்தக் கற்கள் வழுக்கின. ஆகவே வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோனேன். எங்கள் அம்மி. மிக்ஸி வந்த பிறகு அது வாசலில் கிடந்தது. ஒரு நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நானே அதன்மேல் ஏற்றி இரண்டாக உடைத்தேன். ஒரு பாதி, ஒரு பக்கம் சரிவாக, சக்கரத்துக்கென்றே செதுக்கிய மாதிரி அமைந்துவிட்டது. மேல்பக்கம் இருபது வருடம் மிளகாய் அரைத்ததில் கண்ணாடி போல வழுவழுவென்றிருக்கும்.

"கல்யாணத்தன்னிக்கு நான் மிதிச்ச அம்மி," என்றாள் மனைவி. "இப்ப டயரு மிதிக்கப் போகுது. நல்லா இருங்க."

"நீ மிதிச்சே ஒன்னும் ஆகல. டயரு மிதிச்சா என்ன ஆகிரும்?" என்றேன்.

அந்த அம்மிப் பாதியைப் பற்றி நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அதை நான் பிறகு மறந்தேன். ஊர் மறந்ததா என்று எனக்குத் தெரியாது.

அன்று ஆனி மாத மழை. மரக்கறி வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர் தன் சின்ன லொறியில் கோழி எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் மலைக்கு வந்தார். எருவை இறக்கிவிட்டு லீக்ஸை ஏற்றிப் போவார். இரண்டாம் முடக்குக்கு மேலே எஞ்சின் நின்றுவிட்டது. பின்னேரம் நாலு மணி. இருட்டிய மாதிரி பனி. நானும் மச்சானும் போனோம். நைலோன் கயிற்றை இரட்டையாகப் போட்டுக் கட்டினோம். லொறியின் எஞ்சின் ஓடாததால் அதன் பிரேக் கட்டை போல இறுகிக் கிடந்தது. நானா இரண்டு காலாலும் ஏறி மிதிக்க வேண்டும். ஒரு ஹோர்ன் என்றால் நகர்கிறேன், இரண்டு என்றால் நிற்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் முடக்கில், நான் பாதி திரும்பி நின்ற இடத்தில், கயிறு அறுந்தது.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். லொறி மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ரோடு இல்லை. தேயிலைச் செடிகள், அதற்குப் பிறகு வெறும் பனி. "அல்லாஹ்! புடிங்க, புடிங்க!" என்று நானா கத்தினார். எதைப் பிடிப்பது? நான் ஹோர்ன் அடிக்கப் போனேன். வைப்பர் இன்னும் வேகமாக ஓடியது.

மச்சான்தான் ஓடினார். அம்மிப் பாதியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, லொறியின் பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். சக்கரம் அதன்மேல் ஒரு முறை ஏறப் பார்த்தது. பிறகு நின்றது.

அதற்குப் பிறகு நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கோழி எருவைப் பற்றி, நானாவின் நல்ல காலத்தைப் பற்றி, கோழிகளின் பிரார்த்தனையைப் பற்றி. பேசிக்கொண்டே இரும்புச் சங்கிலியை எடுத்துக் கட்டினேன்.  அந்த முடக்கில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது என்று உடம்பு முழுக்கச் சொல்லியது. வண்டியை முன் கியரில் போட்டு இழுத்தேன். லொறி அசைந்தது, ஏறியது. பத்தடி போனதும் மச்சான் பக்கத்தில் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"மச்சான், கல்லு?"

"அப்பறம் எடுத்துக்கலாம்! நிப்பாட்டுனா திரும்ப கயிறு, திரும்ப கோழி! ஏறுங்க, ஏறுங்க!"

அவர் ஒரு கணம் பின்னால் பார்த்தார். பிறகு ஏறினார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் நானா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேத்தண்ணி வந்தது, ரொட்டி வந்தது. ஐந்தாறு பேர் கூடினார்கள். கயிறு அறுந்த கதையை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவையில் நான்தான் லொறியைக் கையால் நிறுத்தினேன் என்ற அளவுக்கு வந்துவிட்டது. மச்சான் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கல்லைப் பற்றி அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்கு ஞாபகம் வந்தது ஏழு மணிக்கு, சோற்றில் கை வைத்தபோது. வெளியே மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. இரண்டு மைல் இறங்க வேண்டும். இந்த மழையில் இனி எவன் வரப்போகிறான் என்று நினைத்தேன். காலையில் முதல் வேலையாக எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "என்னங்க, சாப்புடாம யோசிக்கிறீங்க?" என்றாள் மனைவி. கோழி எரு நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை என்றேன். அவள் சிரித்தாள். நான் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதை மறைக்க வழியில்லை.

காலை ஆறரைக்குப் போன் வந்தது.

"அண்ணே, கெப்ப கொண்டாங்க. ஆட்டோ ஒன்னு கவுந்துருச்சு. ஆளுக்கு கால் போச்சு மாதிரி இருக்கு."

கூப்பிட்டவர் கீழ் லயத்துக்காரர் ஒருவர். எங்கே என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: மூன்றாம் முடக்கு.

ஆட்டோக்காரர் எங்களுக்குக் கீழ் லயம். முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி கொழுந்து எடுப்பவர்; இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். விடியக்காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் டீச்சர்மாரை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். பனியில் முடக்கை உள்பக்கமாக வெட்டித் திரும்பியிருக்கிறார். முன் சக்கரம் கல்லில் ஏறி, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, பிரேக்கில் இருந்த கால் வெளியே வந்து அடியில் மாட்டிக்கொண்டது.

நாங்கள் போனபோது அவரைத் தேயிலைச் செடியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் தன் கம்பளியை அவர்மேல் போட்டிருந்தார். கணுக்கால் திரும்பியிருந்த திசையை நான் ஒரு முறை பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. கல் கானோரத்தில் மல்லாந்து கிடந்தது. வழுவழுப்பான பக்கம் மேலே.

"எவனோ லொறிக்காரன் கல்ல போட்டுட்டு போயிட்டான்," என்றார் ஒருவர்.

"மனுசனா அவனெல்லாம்?" என்றார் இன்னொருவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் திட்டினேன். எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டினேன். "கல்ல விட்டுட்டுப் போன கையி அழுகிப் போகணும்! அவன் வண்டி எந்த ஏத்தமும் ஏறக் கூடாது!" என் வாய் திறந்துகொண்டது, எனக்கு அதை மூடும் வழி தெரியவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஒரு கிழவி குனிந்து கல்லைப் பார்த்தார். "அம்மிக் கல்லு மாதிரியில்ல இருக்கு?"

"மலக்கல்லும்மா, மலக்கல்லு," என்றேன். சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி என் வண்டித் தட்டில் போட்டுச் சாக்கால் மூடினேன். ரோட்டில் கல் கிடக்கக் கூடாது அல்லவா?

அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி நெடுக வைப்பர் ஓடியது. நல்ல வேளை, அன்று மழையும் பெய்தது. அவர் முனகிக்கொண்டே, "ஒங்களுக்கு கரச்சல் குடுக்குறேண்ணே" என்றார்.

மறுநாள் அவருடைய ஆட்டோவைத் தலவாக்கலை கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மச்சான் ஆட்டோவில் ஏறி ஹேண்டிலைப் பிடித்தார். கண்ணாடியில் பார்த்தால், அந்த மனிதர் உட்கார வேண்டிய இடத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் ஒன்று மட்டும் சொன்னார்.

"சொல்லிருங்க மச்சான்."

"சொல்றேன். கொஞ்சம் தேறி வரட்டும்."

அதற்குப் பிறகு மச்சான் என் வண்டியில் ஏறவில்லை. தொழிற்சாலையில் வேலை கூட என்று மனைவியிடம் காரணம் சொன்னாராம்.

ஆட்டோக்காரரின் காலில் கம்பி வைத்தார்கள். மாதா மாதம் கிளினிக். நான்தான் ஏற்றிப் போனேன். அவர் வேண்டாம் என்றாலும் போனேன். பஸ் வருவதற்கு முன்பே போய் அவருடைய லயத்து வாசலில் நின்றேன். கிளினிக் வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ்மாரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்க வைத்தேன். பிள்ளைகளுக்கு ஸ்ட்ரோபரி வாங்கிக் கொடுத்தேன். அவருடைய மனைவி என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் கோயிலில் என் பெயருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்து, விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தந்தார். அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் பல நாள் கிடந்தது. எடுத்துப் பூசவும் இல்லை, எறியவும் இல்லை.

கல்லும் அப்படித்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி கேட்பாள். எங்காவது எறிந்தால் எவனாவது கண்டெடுப்பான். இப்படியெல்லாம் யோசித்து யோசித்து, அது சாக்குக்கு அடியிலேயே கிடந்தது. சக்கரத்துக்கு வைக்கப் புதிதாக ஒரு சவுக்குக் கட்டை வெட்டி, சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் என் வாயிலிருந்து ஒரு பகிடிதான் வந்தது. அவர் சிரிப்பார். சிரித்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு வேண்டாம் என்று வண்டியை எடுப்பேன்.

ஐந்தாவது மாதம் டொக்டர் சொன்னார். கணுக்கால் இனி முன்னைப் போல மடங்காது. நடக்கலாம், கம்போடு. ஆட்டோவில் கால் பிரேக் வலது பக்கம். மடங்காத காலை வைத்து ஏழு முடக்கு இறங்க முடியாது. அதை டொக்டர் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"வித்துர்றேண்ணே," என்றார் அவர். "ஹட்டன்ல ஒருத்தர் கேக்குறாரு. வண்டி லைசன் முடிஞ்சு கெடக்கு, ஓட்டிக்கிட்டுப் போனா பிடிச்சிருவாங்க. நீங்க இழுத்துக் குடுத்துருவீங்களா?"

முடியாது என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சரிசெய்து லயத்து வாசலில் நிறுத்தியிருந்த ஆட்டோவின் முன் சக்கரத்தைத் தூக்கி, என் வண்டியின் பின் பலகையில் வைத்துக் கட்டினோம். பின் இரண்டு சக்கரமும் ரோட்டில் ஓடும், ஆள் தேவையில்லை. அவருடைய சின்ன மகள் வந்து ஆட்டோவின் சீட்டைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல வெயில். அந்த மாதத்தில் அப்படி ஒரு வெயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

இறங்கி வரும்போது மூன்றாம் முடக்கில் கொழுந்து லொறி எதிரே ஏறி வந்தது. ஏறுகிறவனுக்குத்தான் வழி விட வேண்டும். பின்னால் ஆட்டோவைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அதுவும் மேட்டுக்கு. எடுத்தேன். ஆட்டோ ஒரு பக்கம் இழுத்தது. எஞ்சின் நின்றது. வண்டி இரண்டு அங்குலம் முன்னால் வழுக்கியது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இருங்கண்ணே, கல்லு போடுறேன்," என்று அவர் கதவைத் திறந்தார்.

"சீட்டுக்கு அடியில கட்டை இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்.  வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. கை எதையோ தட்டியது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடத் தொடங்கியது.

அவர் கம்பை ஊன்றிப் பின்னால் நடந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. தட்டின் பக்கத்தில் நின்றார். சாக்கைத் தூக்கினார். எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல முடியாது. பிறகு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மிப் பாதியை இரண்டு கையாலும் எடுத்து, ஒவ்வொரு அடியாக முன் சக்கரத்துக்கு வந்து, சிரமப்பட்டுக் குனிந்து வைத்தார். "சரிண்ணே, எடுங்க" என்றார்.

எடுத்தேன். லொறி எங்களைக் கடந்து போனது. அவர் மறுபடி குனிந்தார். கல்லை எடுத்தார். கொண்டுபோய்ச் சாக்குக்குக் கீழே வைத்து மூடினார். வந்து ஏறிக் கதவைச் சாத்தினார். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு லைட்டு வெளிச்சத்துல ஒரு செக்கன் பாத்தேண்ணே. வழுவழுன்னு மின்னுச்சு. மலக்கல்லு மின்னாதேன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கேன்."

அப்போதுதான் சொன்னேன். மச்சான் கேட்டதை, நான் ஏறச் சொன்னதை, ஏழு மணிக்கு ஞாபகம் வந்ததை, மழை என்று படுத்ததை. ஒரு பகிடியும் இல்லாமல் நான் பேசியது எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

இரண்டாம் முடக்கு வரை அவர் கம்பின் பிடியைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

"கல்ல மறக்குறது மனுசனுக்கு வாறதுதாண்ணே," என்றார் பிறகு. "எனக்கும் வந்துருக்கும். ஆனா நீங்க என்னத்துக்கு கூட நின்னு திட்டுனீங்க?"

நான் கியரை மாற்றினேன்.

"கையி அழுகிப் போகணும்னு சொன்னீங்க. அந்த வலியிலயும் கேட்டுச்சு. நமக்காக ஒருத்தன் இம்புட்டு கோவப்படுறானேன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தான் அழுதேன். காலுக்கு அழல."

ஹட்டனில் ஆட்டோவை இறக்கிக் கொடுத்தோம். ஆட்டோக் கண்ணாடியில் தொங்கிய பிள்ளைகளின் ரிப்பனை அவர் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

அன்று மாலை மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் "ம்" என்றார். மனைவியிடமும் சொன்னேன். அவள் ஒரு பகிடி சொல்வாள் என்று காத்திருந்தேன். சாக்கை விலக்கிக் கல்லை எடுத்து, தண்ணி கொட்டும் பீலிக்கரையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வீட்டுக்குப் பின்னால், கறிவேப்பிலைக்குக் கீழே வைத்தாள். "இனி இது வண்டியில ஏறாது" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த கிளினிக் நாளில் பழக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் அவருடைய லயத்துக்குக் கீழே, மெயின் ரோட்டில் நிறுத்தினேன். பஸ் வந்தது. அவர் கம்போடு ஏறினார். யாரோ கை கொடுத்தார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். பஸ் என்னைக் கடக்கும்போது என் பக்கம் பார்த்தார், ரோட்டில் நிற்கும் எந்த வண்டியையும் பார்ப்பதைப் போல.

இப்போதும் கூப்பிட்டால் போகிறேன். கொக்கி இருக்கும்வரை கூப்பிடுவார்கள். மச்சான் திரும்ப வருகிறார், முன்னைப் போலப் பேசாமல். ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். சவுக்குக் கட்டையில் துளை போட்டு, கயிறு கட்டி, மறுமுனையை வண்டியோடு முடிந்திருக்கிறேன். எடுக்க மறந்தால் அது ரோட்டில் தங்காது. நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே தடதடவென்று இழுபட்டு வரும். அடிக்கடி மறக்கிறேன். மலையில் இருக்கும் பெண்கள் "அண்ணே, நாயி பின்னால வருது!" என்று கூவுவார்கள். நான் கையை ஆட்டுவேன். அவர்களுக்கு அது என் பகிடிகளில் ஒன்று.

போன கிழமை அப்படிக் கட்டை சத்தம் போட்டுக்கொண்டு வந்தபோது, மெயின் ரோட்டு பஸ் தரிப்பிடத்தில் அவர் கம்போடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கட்டையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அது எங்கே முடிந்திருக்கிறது என்று பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் அசைத்தாரா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி காய்ந்திருந்தது, வைப்பர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.